பார்வை குறைந்த என் மகளுக்கு அங்கன்வாடியில் இடமில்லையா?

திண்டுக்கல் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு மூன்று வயது எட்டு மாதம். 29 வாரத்திலேயே, 1,150 கிராம் எடையில் பிறந்தவள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் ஆர்ஓபி என்ற பாதிப்புக்காக, கைக்குழந்தையாக இருக்கும்போதே இரண்டு கண்ணுக்கும் லேசர் சிகிச்சை நடந்திருக்கிறது. இப்போது மைனஸ் 8 கண்ணாடி. கண்ணாடியோடும் இரண்டு கண்ணிலும் பார்வை 6/60. கருவிழி எந்நேரமும் பக்கவாட்டில் ஆடுகிறது. எதையாவது உற்றுப் பார்க்கும்போது முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

ஊர் அங்கன்வாடிக்கு மூன்று வாரம் போனாள். வாசற்படியில் இரண்டு தடவை விழுந்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, தட்டில் வைத்ததைச் சாப்பிடுவதில்லை என்று புகார். “பெருசா அடிபட்டா நான் யாருக்கும்மா பதில் சொல்றது? பார்வையற்றோர் பள்ளியில சேர்த்துடுங்க” என்று டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பொன்னாங்கண்ணிக் கீரையில் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். பதினெட்டு வயதில் லேசர் செய்துவிடலாம், அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறார் கணவர். பிள்ளை டி.வி.யை முட்டிக்கொண்டு பார்ப்பதால் இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்று தாய்க்குப் பயம். அவளை அங்கன்வாடிக்கு அனுப்பலாமா, கூடாதா என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். இந்த ஜூனையும் அடுத்த ஜூனையும் தவறவிட வேண்டாம். ஆனால் அந்த மூன்று வாரம் அனுப்பியது போலவே திரும்பவும் அனுப்பினால் அதே படியில்தான் விழுவாள். அந்த அறையில் சிலவற்றை மாற்ற வேண்டும். பெரிய செலவு இல்லை. அதைச் சொல்வதற்கு முன், அவளுக்கு என்ன தெரிகிறது என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளங்க வேண்டும்.

6/60 என்றால், மற்றவர்கள் 60 மீட்டர் தூரத்தில் அடையாளம் காணும் ஒன்றை அவள் 6 மீட்டருக்குள் வந்தால்தான் அடையாளம் காண்பாள். பத்தில் ஒரு பங்கு தூரம். இது குறைவுதான், ஆனால் பார்வையின்மை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், கண்ணாடி போட்ட பிறகு நல்ல கண்ணில் 3/60க்கும் கீழே போனாலோ, பார்வைப் பரப்பு மிகவும் சுருங்கினாலோதான் பார்வையின்மை என்கிறது. உங்கள் மகள் ‘குறைபார்வை’ என்ற பிரிவில் வருகிறாள். அவளிடம் பயன்படுத்தத்தக்க பார்வை இருக்கிறது. அந்தப் பார்வையைப் பயன்படுத்தப் பழக்குவதுதான் இப்போதைய வேலை.

டி.வி.யை முட்டிக்கொண்டு பார்ப்பது

தயவுசெய்து அவளைப் பின்னால் இழுக்காதீர்கள். பார்க்கும் தூரத்தைப் பாதியாக்கினால் விழித்திரையில் விழும் உருவம் இரண்டு மடங்காகும். உருவத்தைப் பெரிதாக்கிக்கொள்ள அவள் தானாகவே கண்டுபிடித்த வழி அது. கிட்டே போவதால் அவள் கண் கெடாது. கிட்டே போகவிடாமல் தடுத்தால் பார்ப்பதையே விட்டுவிடுவாள். டி.வி.யையும் போனையும் எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்பது வேறு விஷயம். எந்தப் பிள்ளைக்கும் இந்த வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதே அளவு இவளுக்கும்.

எறும்பு, மணி, பூவின் காம்பு போன்ற பொடிப் பொருளைப் பார்க்கும்போது அவள் கண்ணாடியைக் கழற்றுகிறாளா? மைனஸ் 8 உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் ஏறக்குறைய 12 செ.மீ. தூரம்தான் தெளிவான தூரம். அதனால் அந்தச் சமயத்தில் கழற்றுவதைத் தடுக்க வேண்டாம். பார்த்து முடித்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும். நடக்க, விளையாட, எதிரில் இருப்பவரைப் பார்க்க, விழித்திருக்கும் நேரம் முழுக்கக் கண்ணாடி தேவை. கண்ணாடி போடப் போட பவர் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏழெட்டு வயது வரை மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும் காலம். அதற்குத் தெளிவான உருவம் போகாவிட்டால் அந்தத் திறமையே முழுதாக வளராது.

கண்ணாடி மூக்கில் சரிந்தால் அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள். அப்போது போட்டும் பயனில்லை. பின்னால் எலாஸ்டிக் பட்டை மாட்டுங்கள். லென்ஸ் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். தினமும் காலையில் ஒரு சொட்டு சோப்பு விட்டுத் தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தூசியோடு முந்தானையால் துடைத்தால் கீறல் விழும். கீறல் விழுந்த லென்ஸில் வெளிச்சம் சிதறி, இருக்கிற பார்வையும் மங்கும்.

உங்கள் கணவர் சொல்லும் பதினெட்டு வயது லேசர், கண்ணாடியின் பவரைக் குறைக்கும் சிகிச்சை. கண்ணாடி செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்யும். முழுப் பவர் கண்ணாடி போட்டும் 6/60 என்றால், மீதிக் குறை பவரில் இல்லை, விழித்திரையில் இருக்கிறது. அதைப் பதினெட்டு வயது சிகிச்சை மாற்றாது. அதற்காகக் காத்திருந்தால், பேச்சும் நடையும் சிநேகமும் வளர வேண்டிய வருடங்கள்தான் வீணாகும். கீரை நல்ல உணவு, கொடுங்கள். வைட்டமின் ஏ திரவமும் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் போடுங்கள். ஆனால் இவளுடைய குறைக்குக் காரணம் வைட்டமின் பற்றாக்குறை இல்லை என்பதை மாமியாருக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

டீச்சரின் பயமும் சட்டமும்

அங்கன்வாடி அரசு நடத்தும் மையம். மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காக ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்ப அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. இப்படிப்பட்ட குழந்தைகளை அங்கன்வாடியில் எப்படிக் கண்டறிவது, எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 நவம்பரில் தனியாக ஒரு நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. தேவைப்பட்டால் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். அதற்கும் மேலே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கிறார். மாநில ஆணையர் இருக்கிறார்.

ஆனாலும் முதல் அடியாக மனு வேண்டாம் என்பது என் கருத்து. அந்த டீச்சர் உங்கள் பிள்ளையை வெறுக்கவில்லை, பயப்படுகிறார். ஓர் உதவியாளரோடு அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, பதிவேடும் எழுதி, சமையலையும் கவனிக்கிறவர். “சட்டம் இருக்கு” என்று போய் நின்றால் சேர்த்துக்கொள்வார். ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார். அதனால் “முதல் ஒரு வாரம் நானும் கூட வந்து இருக்கேன், இந்த நாலு மாற்றத்தை மட்டும் செஞ்சு பார்ப்போம்” என்று கேளுங்கள். மாத இறுதியில் பலன் இல்லையென்றால் அலுவலரிடம் போகலாம்.

அறையில் மாற்ற வேண்டியவை

*வாசற்படி.* சிமெண்ட் தரை, சிமெண்ட் படி: இரண்டும் ஒரே சாம்பல் நிறம் என்பதால் விளிம்பு அவளுக்குத் தெரிவதில்லை. படியின் விளிம்பில் மேற்பக்கமும் முன்பக்கமும் 5 செ.மீ. அகலத்துக்கு, படியின் முழு நீளத்துக்கும் மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள். மிகச் சிறிய டப்பா போதும். சனிக்கிழமை மாலை ஒரு பூச்சு, ஞாயிறு ஒரு பூச்சு கொடுத்தால் திங்களுக்குள் காய்ந்திருக்கும். ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு அடித்துவிட்டு நிறுத்த வேண்டாம். எந்த இடத்தில் கால் வைத்தாலும் விளிம்பு தெரிய வேண்டும். கூடவே, படிக்கு முன்னால் பிள்ளைகள் கழற்றிப் போடும் செருப்புக் குவியலையும் பாருங்கள். அவள் தடுக்கியது படியிலா, செருப்பிலா என்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். செருப்புக்கு ஒரு பக்கமாக இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு அவள் நெற்றிக்கு நேராக நிற்கும். லேசர் செய்த கண்ணில் பக்கப் பார்வையும் குறைந்திருக்கலாம் என்பதால் இது முக்கியம்.

*சாப்பாட்டுத் தட்டு.* அவள் சாப்பிடாததற்குக் காரணம் பெரும்பாலும் அடமாக இருக்காது. எவர்சில்வர் தட்டில் மேலே இருக்கும் விளக்கு பளிச்சென்று தெறிக்கும். அந்தப் பளபளப்புக்கு நடுவில் வெள்ளை முட்டை அவளுக்குக் கண்ணில் படவே படாது. பளபளப்பு இல்லாத அடர்நீலத் தட்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். முட்டை, இட்லி, தயிர்சாதம் எல்லாம் அதில் எடுத்துக் காட்டும். கீரை சாதம் போன்ற கரும்நிற உணவுக்கு வெள்ளைத் தட்டு. தட்டில் எதை எங்கே வைப்பது என்பதை மாற்ற வேண்டாம். தினமும் முட்டை அவள் வயிற்றுப் பக்கம், சாதம் அதற்கு அப்பால் என்று ஒரே மாதிரி வைத்து, வைக்கும்போது வாயாலும் சொல்லச் சொல்லுங்கள்.

*உட்காரும் இடம்.* முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பது கெட்ட பழக்கம் இல்லை. கருவிழி ஆடும் குழந்தைகளுக்கு, கண்ணை ஒரு குறிப்பிட்ட பக்கம் ஒதுக்கினால் ஆட்டம் குறைந்து உருவம் நிலைக்கும். உங்கள் மகளுக்கு அது வலப்பக்கம். அதனால்தான் முகம் இடப்பக்கம் போகிறது. தலையைப் பிடித்து நேராக்கினால் தெளிவு போய்விடும். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்து உட்காரும் வரிசையில், பிள்ளைகளின் இடக்கைப் பக்கக் கடைசியில், டீச்சரிடமிருந்து ஒரு மீட்டருக்குள் அவளுக்கு இடம் கொடுங்கள். அங்கிருந்து டீச்சர் இயல்பாகவே அவளுக்கு வலப்பக்கம் அமைவார். ஜன்னல் அவளுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். டீச்சர் ஜன்னலுக்கு முன்னால் நின்றால் அவளுக்கு ஒரு கறுப்பு உருவம் மட்டும்தான் தெரியும். முகமும் கையசைவும் தெரியாது.

*படங்களும் பொருள்களும்.* சுவர் சார்ட்டில் இருபது காய்கறி நெருக்கி அச்சடித்திருந்தால் அது அவளுக்கு நிறக் கலவை மட்டுமே. இரண்டு மீட்டர் தூரத்தில் 3 செ.மீ. உயரமுள்ள குறி அவள் பார்வையின் எல்லைக்கோடு. சிரமமில்லாமல் பார்க்க அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். 6 முதல் 9 செ.மீ. வரை. அதையே கையில் கொடுத்து 20 செ.மீ. தூரத்தில் பார்க்கவிட்டால் 1 செ.மீ. போதும். எனவே சார்ட்டைப் பெரிதாக்குவதைவிட, ஒரு அட்டையில் ஒரே படம், தடித்த கறுப்புக் கோடு என்று கையில் கொடுப்பது சுலபம். நாளைக்கு ன, ண என்று சுழியை எண்ணிப் படிக்க வேண்டிய எழுத்து வரும்போதும் இதே கணக்குத்தான். பிளாஸ்டிக் காய்கறி வேண்டாம். நிஜக் கத்தரிக்காயைக் கொடுங்கள்: காம்பு குத்தும், தோல் வழுக்கும், நறுக்கினால் வாசனை வரும். பொருளைத் தரையில் பரப்பாமல், விளிம்புள்ள ஒரு அடர்நிறத் தட்டில் வையுங்கள். உருண்டு போய்க் காணாமல் போன பொருளைத் தேடித் தேடி அலுத்துத்தான் இப்படிப்பட்ட பிள்ளைகள் விளையாட்டைக் கைவிடுகிறார்கள்.

தொடர்ந்து உற்றுப் பார்ப்பது அவளுக்குக் களைப்பு தரும். பத்துப் பதினைந்து நிமிடம் பார்க்கும் வேலை என்றால் அடுத்தது பாட்டு, மணல், மாவு பிசைவது என்று இருக்கட்டும். கண்ணைக் கையால் அழுத்திக்கொள்கிறாளா என்றும் பாருங்கள். விழித்திரைக் குறை உள்ள பிள்ளைகளிடம் இது உண்டு. அதட்டாமல், கைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்.

கூப்பிட்டால் ஏன் திரும்புவதில்லை?

“இங்க வா”, “அதை எடு”, “அங்க போடு” என்ற பேச்சில் பாதி கையிலும் கண்ணிலும் இருக்கிறது. அந்தப் பாதி அவளுக்குப் போய்ச் சேர்வதில்லை. இருபது குரல் எதிரொலிக்கும் கான்கிரீட் அறையில், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பதும் தெரிவதில்லை. முதலில் பெயர், பிறகு விஷயம்: “கண்ணு, பந்து உன் வலது முட்டிக்குப் பக்கத்துல இருக்கு.” சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். அவள் தேடித்தான் கண்டுபிடிப்பாள். கிட்டே வருகிறவர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வர வேண்டும், போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். செய்கைப் பாட்டு என்றால் அந்த வாரப் பாட்டை முன்கூட்டியே கேட்டு, வீட்டில் செய்கையோடு பழக்கி அனுப்புங்கள். பழக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டாதீர்கள். உங்கள் கை கீழே, அவள் கை மேலே. வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் அவளுக்கு இருக்கும். பலவந்தமாகப் பிடித்தால் தொடுவதற்கே பயப்பட ஆரம்பிப்பாள்.

இன்னொன்று: கேட்கும் திறனைப் பரிசோதித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இவ்வளவு குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்பதிலும் குறை வரும் வாய்ப்பு அதிகம். ஒரு முறை, ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகின்றனவா என்று பார்க்கும் பேரா (BERA) பரிசோதனை செய்துவிடுங்கள். திரும்பாததற்குப் பார்வைதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

அறையைப் பழக்குவதற்கு மற்ற பிள்ளைகள் வருவதற்கு முந்தைய கால் மணி நேரம் நல்லது. முதல் வாரம் மூன்றே இடம்: வாசல், அவள் பாய், கழிப்பறை. புறங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடக்கப் பழக்குங்கள். விரல்களை லேசாக மடக்கியிருந்தால் ஆணியோ கதவிடுக்கோ விரலைப் பதம் பார்க்காது. பீரோவையோ தண்ணீர்க் குடத்தையோ இடம் மாற்றினால் அன்றைக்கே அவளைக் கூட்டிப்போய்த் தொட்டுக்காட்ட வேண்டும். வெளி விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஊஞ்சலில் ஆடுவதைவிட, பிறர் ஆடும் ஊஞ்சலின் குறுக்கே நடப்பதில்தான் ஆபத்து. ஊஞ்சலைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டால் போதும்.

சிறப்புப் பள்ளியும் சான்றிதழும்

சிறப்புப் பள்ளி மோசமான இடம் இல்லை. நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் மூன்றே முக்கால் வயதில் தாயைப் பிரித்து விடுதியில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விரும்பிய இடத்தில் இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அந்த முடிவை ஐந்து வயதில், அவள் அன்றாட வேலைகளில் பார்வையை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்ற மதிப்பீட்டைப் பார்த்த பிறகு எடுங்கள். பெரிய எழுத்து போதுமா, பிரெய்லும் வேண்டுமா என்பது அப்போது தெரியும். பிரெய்ல் தேவைப்பட்டாலும் அது தோல்வி இல்லை. கண் வலிக்காமல் நெடுநேரம் படிக்க அது ஒரு நல்ல வழி.

இடைப்பட்ட காலத்தில் அங்கன்வாடியோடு சேர்த்து, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குத் தவறாமல் கூட்டிப்போங்கள். கண், காது, பேச்சு, நடை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வர வேண்டிய மருத்துவக் குழுவிடம் கேட்டால் பரிந்துரைச் சீட்டு கிடைக்கும். பெரிய கண் மருத்துவமனை எதற்குப் போனாலும் ‘குறைபார்வைப் பிரிவு’ என்று கேட்டுப் போங்கள். பவர் பார்ப்பதோடு அனுப்பிவிட மாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழை இப்போதே எடுங்கள். கண்ணாடியோடு இரண்டு கண்ணும் 6/24 முதல் 6/60 வரை இருந்தால் 40 சதவீதம் என்பது மதிப்பீட்டு விதி. சலுகைகளுக்கான எல்லையும் அதுதான் என்பதால், பார்வை அளவை அறிக்கையில் தெளிவாக எழுதி வாங்குவது முக்கியம். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்திலோ, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, லேசர் சீட்டு, கடைசிக் கண் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்க்க விரும்பினால், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் தகுதியுடையவர்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

ஆர்ஓபி வந்து, பவரும் இவ்வளவு அதிகமுள்ள கண்ணில் பிற்காலத்தில் விழித்திரை விலகும் அபாயம் உண்டு. இந்த வயதுப் பிள்ளைக்கு “தெரியவில்லை” என்று சொல்லத் தெரியாது. முன்பு எட்டி எடுத்த பொருளைத் தடவித் தேடுவது, திடீரென ஒரு பக்கமாகவே இடித்துக்கொள்வது, கண்ணின் பாப்பாவில் (கருவிழியின் நடுவே உள்ள கறுப்பு வட்டத்தில்) வெண்மை தெரிவது, ஒரு கண்ணை மறைத்தால் மட்டும் அழுவது, கண் சிவந்து வலிப்பது: இவற்றில் எது தெரிந்தாலும், தலையிலோ கண்ணிலோ பலமாக அடிபட்டாலும், அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். இந்த வரிகளை ஒரு தாளில் எழுதி டீச்சரிடமும் கொடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் பவருக்கும் விழித்திரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை தேவை. அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வாங்கி வாருங்கள்: பக்கப் பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது, விளையாட்டில் எதையாவது தவிர்க்க வேண்டுமா. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் டீச்சரின் பயம் பாதி குறையும்.